கவி பனாரசிதாசர்: இலாப நட்டம் மறைக்காத வணிகர்

நாற்பது ரூபாய்க்குக் கொண்ட பொருளுக்கு ஐம்பது ரூபாய் என விலை குறித்து, நூற்றுக்குப் பத்து வீதம் தள்ளுபடி செய்து விற்றால் இலாபம் எவ்வளவு? இது நம் பிள்ளைகள் பள்ளியில் பயிலும் கணக்கு. தள்ளுபடி குறித்த விலையின்மீது கணக்கிடப்படும். ஆகவே அது 5 ரூபாய். விற்ற விலை 45 ரூபாய். இலாபம் கொண்ட விலையின்மீது கணக்கிடப்படும். ஆகவே 40க்கு 5, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. எதன்மீது எதைக் கணக்கிடுவது என்பதை அறிந்த பிள்ளை இதில் தவறுவதில்லை.

ஆனால் அப்பொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல வண்டிக்கூலி 6 ரூபாய் ஆயிற்று என்று ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள். அடக்கவிலை 46 ஆகிவிடுகிறது. ஐந்து ரூபாய் இலாபம் என்று மகிழ்ந்தவன் உண்மையில் ஒரு ரூபாய் நட்டப்பட்டவன். கணக்கில் பிழை நேர்வது பெரும்பாலும் பெருக்குவதிலோ வகுப்பதிலோ அன்று. எழுத வேண்டிய ஒன்றை எழுதாமல் விடுவதிலேதான். இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுவதும் பட்டறிந்து, பட்டதை ஒளிக்காமல் எழுதிவைத்த சிராவகர் ஒருவர் முகலாயர் காலத்தில் வாழ்ந்தார். அவரே சமயசார நாடகம் இயற்றிய கவி பனாரசிதாசர்.

பிறப்பும் குடிவழியும்

இன்றைய உத்தரப்பிரதேசத்தில் கோமதி ஆற்றங்கரையில் அமைந்த ஜோன்பூர் நகரில், கி.பி. 1586இல், ஸ்ரீமால் வணிகக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தந்தையார் கரக்சேனர் மணி வாணிகம் செய்தவர். பாட்டனார் மூலதாசர் மாளவ நாட்டில் முகலாய அதிகாரி ஒருவரிடம் பணிபுரிந்தவர். அவர் இறந்ததும் அவருடைய பொருள் முழுவதையும் அதிகாரி கைப்பற்றிக்கொண்டார். சிறுவன் கரக்சேனனும் அவன் தாயும் ஜோன்பூருக்கு வந்து, தாயின் பிறந்தகத்தாரை அண்டி வாழ்ந்தனர். ஆட்சியாளர் மனம் மாறினால் ஒரே நாளில் முதல் முழுவதும் அழியும் என்பதை இக்குடும்பம் இவ்வாறு முதலிலேயே அறிந்துகொண்டது.

பிள்ளைக்கு முதலில் இட்ட பெயர் விக்கிரமாஜித். பெற்றோர் குழந்தையுடன் காசிக்குச் சென்று பார்சுவநாத தீர்த்தங்கரரை வழிபட்டபோது, அங்கிருந்த பூசகர் கூறியவாறு அந்நகரின் பெயரையே வைத்துப் பனாரசிதாசன் என அழைக்கலாயினர். எட்டாம் வயதில் எழுத்தும் கணக்கும் கற்கத் தொடங்கிய சிறுவனுக்குப் பதினோராம் வயதில் கைராபாத் நகரத்துப் பெண்ணுடன் திருமணம் நடந்தது.

1598இல் ஜோன்பூரை ஆண்ட கிலிச்கான் அந்நகரத்து மணி வணிகர் அனைவரையும் பிடித்துச் சிறையிட்டான். அவன் கேட்டதைக் கொடுக்க அவர்களால் இயலவில்லை. கசையடி பட்டு விடுபட்ட வணிகர்கள் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடினர். கரக்சேனர் வேற்றூரில் குடும்பத்தைத் தங்கவைத்துவிட்டுப் பிழைப்புத் தேடிச் சென்றார். அந்த நாட்களில்தான் சிறுவன் பனாரசி தன் முதல் வாணிகத்தைச் செய்தான். சோழிகளை வாங்கி விற்று, கிடைத்த சில காசுகளைத் தந்தையின் தாயிடம் கொண்டுவந்து கொடுத்தான். பேரனின் முதல் ஊதியம் என்று மகிழ்ந்த பாட்டி, அக்காசைச் செலவிடாமல் இனிப்பு வாங்கிப் பலருக்கும் வழங்கினாள். அன்று மிஞ்சியது ஒன்றுமில்லை. ஆயினும் அதைவிட மகிழ்ச்சியான இலாபம் பிற்காலத்தில் அவருக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

இளமையின் பிழைகள்

பதினான்காம் வயதில் நிகண்டும் அணியிலக்கணமும் சோதிடமும் கற்றார். சுவேதாம்பர முனிவராகிய பானுசந்திரரிடம் சமய நூல்களும் பயின்றார். அதே காலத்தில் தீய ஒழுக்கத்திலும் வீழ்ந்தார். தந்தையின் பெட்டியிலிருந்து மணிகளைத் திருடிச் செலவிட்டார். காதற்சுவை மிகுந்த ஆயிரம் செய்யுள் கொண்ட நூலொன்றையும் எழுதினார். கொடிய நோய் பற்றி உடல் முழுவதும் புண்ணாயிற்று. கைராபாத்தில் மனைவியும் மாமியாருமே அருகிருந்து பேணினர்.

பொருளாசை அவரை ஏமாற்றிய விதத்தையும் அவரே பதிவு செய்துள்ளார். சந்நியாசி ஒருவன் ஒரு மந்திரத்தைக் கற்பித்து, அதை ஓராண்டு இரகசியமாக ஓதினால் அதன்பின் நாள்தோறும் வீட்டு வாயிலில் ஒரு பொற்காசு கிடைக்கும் என்று நம்பவைத்தான். பனாரசி ஓராண்டு முழுவதும் ஒருநாளும் தவறாமல் ஓதினார். ஆண்டு நிறைந்த மறுநாள் காலையில் வாயிலைத் துருவித் தேடினார், ஒன்றுமில்லை. அடுத்த நாளும் இல்லை. முதலீடு முந்நூற்று அறுபது நாட்களுக்கு மேல், வரவு சுழி. உழைக்காமல் வரும் வருவாய் எனப்படுவதன் கணக்கு எக்காலத்திலும் இவ்வளவே. இன்றும் விரைவில் இரட்டிப்பாகும் என்ற சொல்லை நம்பிக் கைப்பொருளைக் கொடுப்போர் இந்த வரியை நினைவிற் கொள்ளலாம்.

1605இல் அக்பர் மறைந்த செய்தி ஜோன்பூரை எட்டியது. மாடிப்படியில் அமர்ந்திருந்த பனாரசி அச்செய்தி கேட்ட அதிர்ச்சியில் உருண்டு விழுந்து மண்டை உடைந்தார். நகரத்தார் கடைகளை அடைத்தனர்; நகைகளைப் புதைத்தனர்; செல்வர்கள் முரட்டுத் துணி உடுத்தி ஏழைகள்போல் நடமாடினர். ஜகாங்கீர் அரியணை ஏறினார் என்ற உறுதியான மடல் வந்தபின்பே அச்சம் நீங்கியது. இதன்பின் பனாரசியின் மனம் திரும்பியது. ஒருநாள் தம் காதல் நூலைக் கோமதி ஆற்றில் எறிந்துவிட்டார். நண்பர்கள் திடுக்கிட்டனர், ஏடுகள் நீரோடு சென்றன. அன்றுமுதல் நாள்தோறும் ஜினாலயம் செல்வதையும் நோன்புகளையும் மேற்கொண்டார்.

ஆக்ராவில் அழிந்த முதல்

1610இல், மகனுக்கு இருபத்து நான்கு வயது ஆனபோது, தந்தையார் வாணிகப் பொறுப்பை ஒப்படைத்தார். மாணிக்கம், நீலம், மரகதம் முதலிய மணிகள், இருபது மணங்கு நெய், இரண்டு பெரும் குடுவை எண்ணெய், ஜோன்பூர்த் துணிகள் ஆகியவற்றை வண்டியேற்றி, பட்டியலும் எழுதிக் கொடுத்து ஆக்ராவுக்கு அனுப்பினார். அம்முதலில் ஒரு பகுதி சொந்தம், மற்றது கடன். வழியில் பெருமழை, தங்க இடமின்றிக் காவலாளிகளின் குடிசையில் ஒரு கட்டிலின் கீழே சாக்கு விரித்துப் படுத்து இரவைக் கழித்தனர்.

ஆக்ராவில் எதை எப்போது விற்பது, யாருக்குக் கடன் கொடுப்பது என்பதை இளைஞர் அறியவில்லை. துணி விலைபோகவில்லை. இடைநாடாவில் முடிந்து வைத்த மணிகள் நாடா அறுந்து எங்கோ வீழ்ந்தன. உடையில் கட்டி வைத்த மாணிக்கங்களை எலி இழுத்துச் சென்றது. நம்பிக் கடனாகக் கொடுத்த பொருளுக்குப் பணம் வரவில்லை. நோயும் வந்தது. சில திங்களில் மணியும் இல்லை, முதலும் இல்லை. தட்டுமுட்டுச் சாமான்களை விற்று உண்ணும் நிலை ஏற்பட்டது. செய்தி கேட்ட தந்தையார், மகனை அனுப்பியது தம் பிழையே என்று நொந்து புலம்பினார்.

கடைவீதிக்குச் செல்ல முகமின்றி, இரவில் வீட்டிலமர்ந்து மதுமாலதி, மிருகாவதி ஆகிய கதை நூல்களைப் படிக்கலானார். கேட்பதற்குப் பத்து இருபது பேர் கூடினர். அவர்களுள் ஒருவர் கச்சோரி விற்பவர். அவரிடமே பனாரசி நாள்தோறும் கடனுக்குக் கச்சோரி வாங்கி உண்டுவந்தார். சில நாள் சென்றபின், தம்மிடம் ஒன்றுமில்லை, கடன் கொடுப்பது வீண் என்று அவரைத் தனியே அழைத்து உண்மையைக் கூறினார். கச்சோரிக்காரரோ, இருபது ரூபாய் வரையில் தாம் கேட்கப்போவதில்லை, வேண்டிய இடத்துக்குச் செல்லலாம், உண்ணலாம் என்று கூறிவிட்டார். ஆறேழு திங்கள் இவ்வாறு கழிந்தன. பின்னர்க் கையில் பணம் வந்ததும் கணக்குப் பார்த்தபோது கடன் பதினான்கு ரூபாய் ஆகியிருந்தது, முழுவதையும் தீர்த்தார். திங்களுக்கு ஏறத்தாழ இரண்டு ரூபாய்! வட்டியும் இல்லை, ஈடும் இல்லை. கடன் கேட்டவர் தம் நிலையை ஒளிக்கவில்லை. கொடுத்தவர் அவ்வுண்மையையே ஈடாகக் கொண்டார். பேரங்காடிகள் நிறைந்த அந்நகரில் இவ்விருவர் செய்ததே தூய வாணிகம் என்று தோன்றுகிறது.

இருநூறும் இருபதும்

உறவினர் தாராசந்த் என்பவர் பனாரசியைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று ஆதரித்தார். பின்னர் ஓசவால் குலத்துத் தர்மதாசர் என்னும் இளைஞருடன் கூட்டு வாணிகம் அமைந்தது. முதல் ஐந்நூறு ரூபாய். இருவரும் கடைவீதிகளில் அலைந்து மணிகளை வாங்கி விற்றனர். 1613இல் கணக்கு முடித்தபோது இரண்டு ஆண்டுகளில் வந்த இலாபம் இருநூறு ரூபாய். அக்காலத்தில் ஆன செலவும் இருநூறு ரூபாய்.

இதைப் பிள்ளைகள் பயிலும் முறையில் எழுதிப் பார்ப்போம். 500க்கு 200 என்றால் நூற்றுக்கு நாற்பது. ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு இருபது. ஏட்டில் பார்ப்பவர் இவ்வாணிகத்தைப் புகழ்வர். செலவை எழுதியபின் மிச்சம் சுழி. இரண்டு ஆண்டு வயதும் உழைப்புமே கழிந்தன. கொண்ட விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பார்த்து மகிழும் வணிகர்க்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

கூட்டைக் கலைத்துக்கொண்டு புறப்படவிருந்த காலத்தில், வழியில் கிடந்த சிறு முடிச்சொன்றைக் கண்டெடுத்தார். உள்ளே எட்டு முத்துக்கள் இருந்தன. அவற்றைத் தாயத்தில் மறைத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பிறர் வைத்ததும் வீழ்ந்ததும் மறந்ததும் ஆகிய பொருளைக் கொள்ளாமையே கள்ளாமை என்னும் அணுவிரதம் என்பதை நம் சிராவகர்கள் அருங்கலச்செப்பின் வழியே அறிவர். அவ்வளவுகோலால் இச்செயல் குற்றமே. ஆயினும் யாரும் அறியாத இச்செய்தியை அவர் தாமே எழுதியிராவிடில் நாம் அறிந்திருக்க வழியில்லை. வரவுப் பக்கத்தில் வரக்கூடாத வரவையும் அவர் எழுதிவிட்டார்.

கைராபாத்தில் மாமனார் வீட்டை அடைந்தார். இரவில் மனைவி அவருடைய நிலையைக் கேட்டறிந்தார். அந்த அம்மையார் கணவரைப் பழிக்கவில்லை. தாம் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த இருபது ரூபாயை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தார். பின்னர்த் தம் தாயிடம் தனியே கூறினார். தாயும் பிறர் அறியாதவாறு இருநூறு ரூபாய் கொடுத்து உதவினார். இரண்டு ஆண்டு மணி வாணிகத்தின் மிச்சம் ஒன்றுமில்லை. வீட்டின் மூலையில் ஒரு பெண் சேர்த்த மிச்சம் இருபது. எது பெரிது என்று கணக்கறிந்தோர் கூறுக. அந்த 220 ரூபாயே மீண்டும் அவர் தலைநிமிர முதலாயிற்று. துணியும் முத்தும் வாங்கி ஆக்ரா சென்றார். துணி இம்முறையும் கைகொடுக்கவில்லை. முத்து இலாபம் தந்தது.

அந்த அம்மையார் நெடுநாள் வாழவில்லை. அவர் இறந்த செய்தியும், அவருடைய தங்கையைப் பனாரசிக்கு மணம் பேசி முடித்த செய்தியும் ஒரே வேளையில் அவரை அடைந்தன. துக்கமும் மங்கலமும் ஒரே மடலில் வந்தால் அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

வழிப்பயணமும் கணக்குத் தீர்வும்

நரோத்தமதாசர் என்னும் உயிர்நண்பருடன் கூட்டாகப் பல ஊர்களுக்கு வாணிகத்தின் பொருட்டுச் சென்றார். ஒருமுறை வழி தவறிக் கள்வர் வாழும் ஊரில் அகப்பட்டனர். உடையிலிருந்து நூல் பிரித்துப் பூணூலாக அணிந்து, மண்ணைக் குழைத்து நெற்றியில் இட்டு, அந்தணர்போல் நடித்து உயிர் தப்பினர். மற்றொருமுறை உடன்வந்த ஒருவர் மாற்றிய ரூபாய் கள்ள நாணயம் என்று நாணயமாற்றுவோன் ஒருவன் குற்றம் சாட்டினான். பயணிகள் அனைவரும் கள்வர் எனப்பட்டனர். விடியற்காலையில் கழுமரங்களும் கொண்டுவரப்பட்டன. அருகிலுள்ள ஊரில் உறவுமுறையார் இருந்து, இவர் இன்னார் என்று சான்று கூறியதனால் பிழைத்தனர். ஒரு நாணயத்தின் மதிப்பை நாணயமாற்றுவோன் கூறலாம். ஒரு மனிதனின் மதிப்பை அவனை அறிந்தவர்களே கூற இயலும்.

ஆக்ராவில் சபல்சிங் என்னும் பெருஞ்செல்வரிடம் கூட்டுக் கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. அவரோ ஆடல் பாடல்களில் திளைத்து, இன்று நாளை என்று நாளைக் கடத்தினார். பனாரசி நாள்தோறும் அவர் மாளிகை சென்று காத்துக் கிடந்தார். பிறர் ஒருவர் இடைநின்ற பின்னரே கணக்கு முடிந்தது. தாமதமாகக் கிடைக்கும் பணத்தில் காத்திருந்த நாட்களின் செலவையும் கழித்தே இலாபத்தைக் காண வேண்டும் என்பதை வாணிகம் செய்யும் நம் குடும்பத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை.

1616இல் தந்தையார் காலமானார். அக்காலத்தில் ஆக்ராவில் கொள்ளைநோய் பரவி, நெறிகட்டி மக்கள் மடிந்தனர். பிழைத்தோர் ஊரைவிட்டு ஓடினர். உயிர்நண்பர் நரோத்தமதாசரும் மறைந்தார்.

ஒருபக்கக் கணக்கு

1623இல் அர்த்தமல் என்னும் அன்பர், குந்தகுந்த ஆசாரியரின் சமயசாரத்துக்கு ராஜமல்லர் எழுதிய உரையைப் பனாரசிதாசரிடம் கொடுத்துப் படிக்கச் செய்தார். வந்தவாசிக்கு அருகில் பொன்னூர்மலையில் நாம் வணங்கும் திருவடிகள் குந்தகுந்தருடையவை என்பது நம் மரபு. அப்பெருமானின் சொல் பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் ஆக்ரா அங்காடியில் ஒரு வணிகரின் உள்ளத்தைத் தொட்டது நமக்குப் பெருமை தருவது.

ஆயினும் அந்த உரை முதலில் அவரைத் தடுமாறச் செய்தது. உயிர் தூயது, வினைக்கு வேறானது என்ற உண்மைநயத்தை மட்டும் பற்றிக்கொண்டார். அப்படியாயின் வழிபாடும் நோன்பும் எதற்கு என்று அனைத்தையும் கைவிட்டார். நண்பர் மூவருடன் சேர்ந்து அறைக்குள் ஆடை களைந்து, நாங்களே முனிவர் என்று விளையாடும் அளவுக்கு அம்மயக்கம் சென்றது. ஊரார் இகழ்ந்தனர். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் இந்நிலை நீடித்தது.

1635இல் பண்டிதர் ரூப்சந்த் ஆக்ராவுக்கு வந்து நேமிசந்திர ஆசாரியரின் கோம்மடசாரத்தை விளக்கினார். உயிர் ஏறிச் செல்லும் குணஸ்தானங்கள் பதினான்கு. ஒவ்வொரு படிக்கும் உரிய ஒழுக்கம் உண்டு. மேற்படியின் உண்மையைக் கூறிக் கீழ்ப்படியின் கடமையைத் தள்ளலாகாது என்பது அப்போது விளங்கியது. உண்மைநயமும் வழக்குநயமும் ஒரே ஏட்டின் இரு பக்கங்கள். வரவை மட்டும் எழுதி இலாபம் என்று மகிழ்ந்த பழைய பிழையையே ஞானத்திலும் தாம் செய்துவிட்டதை வணிகர் உணர்ந்தார் எனலாம். அநேகாந்தத்தை அறிந்தபின் அவர் உள்ளம் நிலைபெற்றது. மறு ஆண்டே, 1636இல், சமயசார நாடகம் பிறந்தது. உயிரும் வினையும் மேடையேறி ஆடும் கூத்தாகத் தத்துவத்தை விளக்கும் அந்நூலை வட இந்திய ஜைனர் இன்றளவும் ஓதி வருகின்றனர்.

முடித்த ஐந்தொகை

1641இல், ஐம்பத்தைந்தாம் வயதில், தம் வாழ்க்கையை அவரே 675 செய்யுட்களில் எழுதினார். மனிதனின் முழு வாழ்நாள் நூற்றுப்பத்து ஆண்டு என்று கொண்டு, தாம் கடந்தது அதில் பாதியே என்பதால் அர்த்தகதானகம், அதாவது அரைக்கதை, என்று பெயரிட்டார். இந்தி மொழியின் முதல் தன்வரலாறாக அறிஞர் மதிப்பது அந்நூலே. மேலே கண்ட செய்திகள் அனைத்தும் அவர் தாமே கூறியவை.

நூலின் இறுதியில் வணிகர் ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுப்பதுபோல் தம் குணங்களை ஒருபுறமும் குற்றங்களை மறுபுறமும் அவர் வரிசைப்படுத்துகிறார். பொறுமை, இன்சொல், உறுதியான நம்பிக்கை ஆகியன ஒருபுறம். மறுபுறத்தில் அவர் எழுதிய குற்றங்களுள் ஒன்று நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. சிறிது இலாபம் வந்தால் மிக மகிழ்வதும் சிறிது நட்டம் வந்தால் பெருங்கவலையில் ஆழ்வதும் தம் குறை என்கிறார். சமயசாரத்தில் தோய்ந்து அதைக் கவியாகப் பாடிய பின்பும் இக்குறை தம்மைவிட்டு நீங்கவில்லை என்று எழுத எத்தனை நேர்மை வேண்டும்!

அவர் அடைந்த நட்டங்களுள் பெரியது பொருளன்று. மும்முறை மணந்து பெற்ற மக்கள் ஒன்பதின்மர்; ஆண்கள் எழுவர், பெண்கள் இருவர். ஒன்பதின்மரும் அவர் கண்முன்னே இறந்தனர். இலையுதிர்ந்த மரங்கள்போல் கணவனும் மனைவியுமே எஞ்சினர். எந்த வாய்பாட்டிலும் அடங்காத இந்த இழப்பையும் அவர் எண்ணிக்கையோடு, அழுகையொலி மிகாமல் எழுதினார். வினைக்கணக்கை அறிந்தவர்க்கே அது இயலும்.

எஞ்சிய பாதிக் கதையை எழுத ஊழ் இடங்கொடுக்கவில்லை. 1643இல் பனாரசிதாசர் மறைந்தார். அரைக்கதையே முழுக்கதை ஆயிற்று.

நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கு இலாப நட்டக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, கொண்ட விலை, விற்ற விலை, தள்ளுபடி ஆகியவற்றோடு இம்மகானின் கதையையும் சொல்லிக் கொடுப்போமாக. செலவை மறைத்து எழுதிய இலாபம் இலாபமன்று. குற்றத்தை மறைத்து எழுதிய குணமும் குணமன்று. இரவில் விளக்கை அணைக்கும் முன் அன்றைய வரவு செலவை எழுதும் வழக்கமுடைய குடும்பத்தார், அதன் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் விடலாம். அன்று வந்த சிறு இலாபத்துக்கு எவ்வளவு துள்ளினோம், சிறு நட்டத்துக்கு எவ்வளவு துவண்டோம் என்பதை அதில் எழுதலாம். அந்த வரியின் தொகை நாளடைவில் குறைந்துவருமாயின், அதுவே உயிருக்கு ஊதியம்.